குளத்தின் மேல் நின்ற பாலம்

தகரத்தை வெட்டி, ஓரத்தை மடக்கி, பற்றுவைத்துக் குப்பை முறம் செய்தவர்கள் நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்? நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடியை வீடு முழுக்கத் தேடுகிற வயதுக்கு எல்லோரும் வந்துவிட்டோம். ஆனாலும் ஈயம் உருகும்போது எழுந்த அந்தக் காரமான புகை உங்களுக்கு மறந்திருக்காது. ‘கெமாஹிரான் ஹிடுப்’ என்று மலாயில் பாடத்துக்குப் பெயர். வாழ்க்கைத் திறன். நம் அண்ணன் அக்காமார் காலத்தில் பையன்களுக்குப் பட்டறை, பெண்களுக்குத் தையலும் சமையலும் என்று பிரித்திருந்தார்கள். எல்லோரையும் ஒன்றாகப் பட்டறைக்குள் விட்டது நம் காலத்தில்தான். ஊசியில் நூல் கோக்கத் தெரியாமல் பையன்கள் முழித்ததையும், ரம்பத்தைப் பிடித்த பெண்களைப் பார்த்து அவர்கள் சிரித்ததையும் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போய்விடும். என் முறத்தை அம்மா வெகுநாள் வைத்திருந்தார். பிடி கழன்ற பிறகும் அடுப்புச் சாம்பல் அள்ளினார். எந்த வீடு மாறும்போது அது தொலைந்தது என்று தெரியவில்லை.

நான் சொல்ல வந்தது முறத்தைப் பற்றி இல்லை. இரண்டாம் படிவத்தில், பதினான்கு வயதில், நாங்கள் செய்த பாலத்தைப் பற்றி.

க்ளாங் பக்கம், காப்பார் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தின் விளிம்பில் ஒரே வரிசையாக இருந்தன எங்கள் வீடுகள். பின்வாசலில் நின்றால் மின்நிலையத்துப் புகைக்கூண்டுகள் தெரியும். வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் நடுவே ஒரு பெரிய கால்வாய் ஓடியது. கடல் கிட்டே என்பதால் அதன் தண்ணீர் ஒரு நிலையில் நிற்காது. வற்றம் என்றால் கறுப்புச் சேறும் நண்டும். ஏற்றத்தோடு மழையும் சேர்ந்தால் கரை தளும்பும். கடைசியில் ஒரு மதகு இருந்தது. சாலையைச் சுற்றிக்கொண்டும் பள்ளிக்குப் போகலாம், ஆனால் அங்கே லோரிகள் காற்றாய்ப் பறக்கும், ஓரத்தில் நடக்க இடமே கிடையாது. அதனால் பிள்ளைகள் எல்லோரும் கால்வாயின் குறுக்கே போன தண்ணீர்க் குழாயின் மேல் நடந்துதான் போனோம். கைகளை விரித்துக்கொண்டு, சப்பாத்தைக் கழற்றி, நாடாவை முடிந்து கழுத்தில் மாட்டிக்கொண்டு. குழாய் வெயிலில் காலைச் சுடும், மழையில் வழுக்கும்.

அத்தை மகள் எங்களுக்கு அடுத்த வீடு. நானும் அவளும் ஒரே வகுப்பு. அதிகம் பேசமாட்டாள். பேசினால் ஆசிரியர்கள் நிமிர்ந்து பார்க்கும்படி ஏதாவது சொல்வாள். அந்த வருடத் தொடக்கத்தில் குழாயில் கால் வழுக்கி, அவளுடைய புது வெள்ளைச் சப்பாத்து ஒன்று தண்ணீரோடு போய்விட்டது. என் அண்ணனுடைய பழைய சப்பாத்தை முனையில் துணி அடைத்துப் போட்டுக்கொண்டு வந்தாள்.

பட்டறை சார் க்ளாங் டவுனிலிருந்து ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் வருவார். இடது கைச் சுண்டுவிரல் பாதிதான் இருக்கும். முதல் வகுப்பிலேயே அதை உயர்த்திக் காட்டி, “இயந்திர ரம்பம் சாப்பிட்ட மிச்சம். விளையாட்டுக் காட்டுறவங்க நல்லா பாத்துக்குங்க” என்பார். அந்தத் தவணை, வகுப்பே சேர்ந்து ஒரு பொருள் செய்யவேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது.

“ஸ்டூல் வேணாம், புத்தக ரேக் வேணாம். வருஷா வருஷம் அதையே பாத்து எனக்குச் சலிச்சுப்போச்சு. உங்க வீட்டுக்கு நெசமாவே என்ன வேணுமோ அத யோசிங்க” என்றார்.

“டீவி சார்!” என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். சிரிப்பு அடங்கியதும் அத்தை மகள் எழுந்தாள்.

“பாலம் சார்.”

“பாலமா? எங்க போட?”

“எங்க வீட்டுக்கிட்ட காவாயில சார். நாங்க பைப்பு மேல நடந்து வரோம்.”

மறுபடியும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. அந்த வாரமே மோட்டார் சைக்கிளில் எங்கள் வரிசைக்கு வந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு குழாயில் ஏறினார். நடுவில் போனதும் அப்படியே உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே நகர்ந்து திரும்பி வந்தார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டோம்.

“யாருலா பிள்ளைங்கள இதுல நடக்க விட்டது?” என்று மாமாவிடம் கேட்டார். மாமா, அதாவது அத்தையின் கணவர், செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார்.

“ரோட்டுல சுத்தி விட்டா லோரி அடிச்சிரும் சார். நானே லோரிக்காரன். எனக்குத் தெரியாதா?”

பாலத்துக்கு மரம் கொண்டுவந்தது மாமாதான். தோட்டத்தில் இடிந்து கிடந்த பழைய ஸ்டோரின் உத்திரங்களை மேனேஜரிடம் கேட்டு வாங்கி, தன் லோரியிலேயே பள்ளிக்குக் கொண்டுவந்து இறக்கினார். இரும்பு மாதிரி கனத்தன. ரம்பம் இறங்க மறுத்தது. பல வருடத்து எருச் சாக்குகளின் வாடை அந்த மரத்துக்குள் ஊறியிருந்தது. இழைத்தபோது மேல் கறுப்பு போய், உள்ளே தேன் நிறம் தெரிந்தது. ஆணி வேண்டாம், போல்ட் போடலாம் என்றாள் அத்தை மகள். கழற்றித் தூக்கிப்போய்க் கால்வாயில் பூட்டவேண்டும் அல்லவா? சார், “சரிதான், மேஸ்திரி” என்றார். அன்றிலிருந்து வகுப்பே அவளை மேஸ்திரி என்றது.

அவளுக்கு ஒரு தம்பி. தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. சனிக்கிழமைகளில் எங்களோடு பட்டறைக்கு வந்துவிடுவான். இழைப்புளியிலிருந்து சுருண்டு விழும் மரச்சுருளை மீசையாக வைத்துக்கொண்டு, “நான்தான் பெரிய சார்! எல்லாரும் வெயில்ல நில்லுங்க!” என்று எங்களை மிரட்டுவான். ஒருமுறை தலைமையாசிரியரே அதைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அவன் மீசையை எடுக்காமலேயே, “வணக்கம் சார்” என்றான். பெரிய சார் சிரித்துவிட்டுப் போனார்.

பெரிய சார் கெட்டவர் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. எங்கள் பள்ளிக்கு அப்போது நல்ல பெயர் கிடையாது. சண்டைக்காரப் பள்ளி என்றுதான் க்ளாங்கில் சொல்வார்கள். பாலம் முடிந்த சமயம் பள்ளியில் திறந்த நாள் வந்தது. பெற்றோரும் அதிகாரிகளும் வருவார்கள். அலுவலகத்துக்கு எதிரே ஒரு சின்ன மீன்குளம் உண்டு. ஆரஞ்சு மீன்கள், முழங்கால் தண்ணீர். “ரெண்டு நாளைக்கு இது மேல வெச்சுக் காட்டுவோம். அப்புறம் கொண்டுபோய்ப் போட்டுக்குங்க” என்றார். எங்களுக்கும் ஆசைதான். பூட்டினோம்.

குளத்தைவிடப் பாலம் ரொம்ப நீளம். இரண்டு பக்கமும் புல்லில் கிடந்தது. யாருக்கும் அது வேடிக்கையாகப் படவில்லை. தம்பி அதன்மேல் தடதடவென்று ஓடி ஓடித் திரும்பினான். மீன்கள் மூலைக்கு ஒதுங்கின. அத்தை கைப்பிடியைத் தடவிப் பார்த்து, “வழவழன்னு இருக்குடி” என்றார் மகளிடம். அவர் பாராட்டி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

மாவட்டப் போட்டியில் எங்கள் பாலத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. பத்திரிகைக்காரர் வந்து படம் பிடித்தார். பெரிய சார் ஆள் வைத்துப் பாலத்துக்குப் பச்சையும் வெள்ளையும் பூசினார். நாங்கள் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த தேன் நிறம் போய்விட்டது. பள்ளியின் பெயரும் அத்தை மகளின் பெயரும் எழுதிய ஒரு பலகையைப் பக்கத்தில் நட்டார்கள்.

ரெண்டு நாள் என்றது இரண்டு வாரம் ஆனது. மாநில அதிகாரிகள் பார்க்க வருகிறார்களாம். வரவில்லை, தள்ளிப்போட்டார்கள். பட்டறை சார் இரண்டு மூன்று முறை அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு, முகம் சிவந்து திரும்பினார். அத்தை மகளும் போய்க் கேட்டாள். பெரிய சார் மாமாவை வரச்சொன்னார்.

மாமா தீபாவளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அந்த அலுவலகத்தில் அவரை உட்காரச் சொல்லி, கோப்பி கொடுத்தார்கள். கதவு திறந்திருந்தது. நாங்கள் இருவரும் வெளியே நின்றோம்.

“ஒங்க மக செஞ்சத மாநிலத்துலேர்ந்து பெரிய அதிகாரிங்க பாக்க வராங்க. நம்ம பிள்ளைங்களாலயும் முடியும்னு அவங்க கண்ணால பாக்கணும். அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டுமே. நீங்க என்ன சொல்றீங்க?”

மாமா கோப்பியைக் கீழே வைத்தார். தன்னிடம் ஒருவர் ‘நீங்க என்ன சொல்றீங்க’ என்று கேட்டதே அவருக்குப் பெரிதாக இருந்திருக்கவேண்டும். “இருக்கட்டும் சார். இவ்வளவு நாளு பைப்புலதானே போனாங்க” என்றார்.

அத்தை மகள் சுவரோரம் திரும்பி நின்றுகொண்டாள்.

அன்று சாயங்காலம் அவர்கள் பேசியது எங்கள் வீடு வரை கேட்டது. “பாலம் எப்பத்தான் வருது?” என்று அத்தை கேட்டார்.

“வரும்லா. போர்டுல நம்ம பிள்ள பேரு எழுதியிருக்கு. பெரிய பெரிய ஆளுங்க நின்னு படிச்சிட்டுப் போறாங்க. ஒனக்கு எங்க தெரியப்போவுது?”

“போர்டு மேலயா பிள்ளைங்க நடந்து போவும்?”

பிறகு வானொலியின் சத்தம் கூடியது.

ஆண்டுக் கடைசியின் மழை தொடங்கிவிட்டது. கீழ்ப்படிவங்களுக்கு எங்கள் பள்ளியில் மதிய வகுப்பு. தமிழ்ப் பள்ளி மதியம் முடியும். அதனால் அத்தை மகள் தினமும் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பி, குழாயின் அக்கரையில் தம்பிக்காகக் காத்திருப்பாள். அவன் வந்ததும் கையைப் பிடித்து இக்கரைக்கு நடத்திவந்து விட்டுவிட்டு, மறுபடி அக்கரைக்குப் போய், அங்கே நிற்கும் என்னோடு பள்ளிக்கு வருவாள். அவளுடைய பையை நான் வைத்திருந்து, அவள் திரும்பி வந்ததும் கொடுப்பேன். மழை நாளில் அவனைத் தூக்கிக்கொண்டே நடப்பாள். அத்தை காலையிலிருந்து மதியம் கழியும் வரை செம்பனை உரம் போடும் வேலையில் இருப்பார்.

ஒருநாள், மாநில அதிகாரிகள் நாளை கட்டாயம் வருகிறார்கள் என்றார் பெரிய சார். பாலம் செய்த பிள்ளைகள் காலையிலேயே சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து, பாலத்தின் இரண்டு பக்கமும் நிற்கவேண்டும். அத்தை மகள் கை தூக்கி, “சார், மத்தியானம் நான் கொஞ்ச நேரம் போய்ட்டு வரணும். என் தம்பிய அழைச்சுக்கணும்” என்றாள்.

“அதுக்குள்ள முடிஞ்சிரும்மா. நீ இல்லாம யாரு விளக்கம் சொல்றது?”

காலையில் வெயில் அடித்தது. அதிகாரிகள் வரவில்லை. வெயில் மங்கி, மேற்கே கறுத்து, பிறகு ஒரேயடியாகக் கொட்டியது. எங்களை அலுவலகத்து நடைபாதையில் ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். தமிழ்ப் பள்ளி விடும் நேரம் ஆகிவிட்டது. அத்தை மகள் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே நின்றாள். கேட்டைப் பார்த்து இரண்டடி போனவளை, “எங்கம்மா போற? கார் உள்ள வருது பாரு” என்று பெரிய சார் நிறுத்தினார். உண்மையாகவே கார்கள் வந்தன. மழையும் சற்று விட்டது. குடை பிடித்துக்கொண்டு அதிகாரிகள் இறங்கினார்கள். அவள் பாலத்தின் முனையில் நின்று, மலாயில், எந்த இடத்தில் எவ்வளவு எடை தாங்கும், ஏன் ஆணி போடவில்லை என்றெல்லாம் விளக்கினாள். குரல் மட்டும் அவளுடையதாக இல்லை. ஓர் அதிகாரி, “இதை எங்கே போடப்போகிறீர்கள்?” என்று கேட்டார். “என் வீட்டு வழியில்” என்றாள். அவர் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

கைதட்டல் அடங்கும் முன்பே கேட்டுப் பக்கமிருந்து ஒருவர் ஓடி வந்தார். எங்கள் வரிசையில் மளிகைக் கடை வைத்திருந்தவர். இடுப்பு வரை சேறு. அதிகாரிகளைத் தாண்டி அவளைப் பார்த்து, “பாப்பா, வீட்டுக்கு வா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவள் பேச்சைப் பாதியில் விட்டு ஓடினாள்.

தம்பி அக்கரையில் அக்காவுக்காக மழையில் நின்றிருக்கிறான். பார்த்தவர்கள் உண்டு. பிறகு சப்பாத்தைக் கழற்றி, எங்களைப் போலவே கழுத்தில் மாட்டிக்கொண்டு, தானாகவே குழாயில் ஏறியிருக்கிறான். தண்ணீர் அப்போது குழாயைத் தொட்டுக்கொண்டு போனது. மதகுக் கம்பியில் தேங்கிய செத்தைகளுக்குள் அவனை எடுத்தார்கள். இறங்கி எடுத்தவர் மாமா. குலை ஏற்றப் போய்க்கொண்டிருந்தவருக்கு வழியில் சேதி தெரிந்து, லோரியைச் சாலையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

துக்க வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல என்னால் முடியவில்லை. பெரிய சார் வந்தார். ஈரமண்ணில் பளபளத்த சப்பாத்தோடு நின்றார். எங்கள் வரிசை ஆட்கள் இரண்டு பேர் அவரை அடிக்கப் போனார்கள். மாமா குறுக்கே வந்து, “அவர விடுங்கலா. சரின்னு சொன்னது நான்” என்றார். உள்ளே அத்தையின் அழுகை சட்டென்று நின்றது. மாமா சரி சொன்னது அத்தைக்கு அப்போதுதான் தெரிந்தது. ஜன்னலோரம் நான் அத்தையின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அழுததைவிட அது நின்றதுதான் பயமாக இருந்தது.

அத்தை மகள் பள்ளிக்கு மறுபடி வந்த அன்று, வகுப்புக்குப் போகவில்லை. நேரே பட்டறைக்குள் நுழைந்து, சுவரில் மாட்டியிருந்த பெரிய ஸ்பானரை எடுத்துக்கொண்டு குளத்துக்கு நடந்தாள். குனிந்து முதல் போல்ட்டைத் திருகினாள். பெயிண்ட் இறுகிப்போயிருந்தது, அசையவில்லை. ஜன்னல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன. பெரிய சார் வெளியே வந்தார்.

“நான் ஆளுங்கள வெச்சு அனுப்புறேன்மா. ஒனக்கு எதுக்கு இந்த வேல?”

“வேணாம் சார்.”

“இந்த வாரத்துக்குள்ள கண்டிப்பா...”

“வேணாம் சார்” என்றாள் மறுபடி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தலையை நிமிர்த்தவும் இல்லை.

பட்டறை சார் எங்கள் வகுப்பு வாசலுக்கு வந்தார். உள்ளே கணிதம் நடந்துகொண்டிருந்தது. அந்த ஆசிரியரிடம் அனுமதி கேட்கவில்லை. “வாங்க” என்று மட்டும் சொன்னார். நாற்காலிகள் ஒன்றாக இழுபட்ட சத்தம். எல்லோரும் போனோம். சுத்தியலால் தட்டிப் பெயிண்டை உடைத்து, போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். பெரிய சார் கடைசிவரை அங்கேயே நின்றார். ஓர் உத்திரத்தைத் தூக்கும்போது ஒரு பக்கம் ஆள் குறைந்தது. அவர் வந்து அந்தப் பக்கம் தோள் கொடுத்தார். யாரும் அவரைப் போகவும் சொல்லவில்லை, நன்றியும் சொல்லவில்லை. வெள்ளைச் சட்டையில் பச்சைப் பெயிண்டுத் தூள் அப்பியது.

கேட்டுக்கு வெளியே மாமாவின் லோரி நின்றது. அவர் உள்ளே வரவில்லை.

கால்வாயில் பூட்ட சாயங்காலம் ஆகிவிட்டது. பாலம் பிசகாமல் உட்கார்ந்தது. அளவு அவ்வளவு சரியாக எடுத்திருந்தாள். வரிசைப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பயந்து பயந்து நடந்து பார்த்தார்கள். ஒருவனும் ஓடவில்லை.

பெரிய சார் ஆண்டு இறுதியில் மாற்றலாகிப் போனார். பிறகு பல வருடம் கழித்து, பிரிக்ஃபீல்ட்ஸில் கண் மருத்துவமனையில் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் அவரைப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரியவில்லை. பள்ளியின் பெயரைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அந்தப் பையனோட அம்மா எப்படி இருக்காங்க?” என்றார். இருக்கிறார் என்றேன். “இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம்னுதான் நெனச்சேன்மா. நெசமா குடுக்கக்கூடாதுன்னு நெனைக்கல” என்றார். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் அவர் அழுதாரா என்று சொல்லத் தெரியவில்லை. பள்ளியில் அவருக்கு அன்று இருந்த வயது இன்று எனக்கு. காட்டிப் பெருமைப்பட ஒன்றுமே இல்லாத ஒரு பள்ளியில் பல வருடம் உட்கார்ந்திருந்தவர் கைக்கு ஒரு நல்ல பொருள் வந்தால் அதை விட மனம் வராது என்பது புரிகிறது. புரிந்து என்ன செய்வது?

அத்தை மகள் ஐந்தாம் படிவம் முடித்து, சுங்கை வேயில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். இன்னும் அங்கேதான், இப்போது சூப்பர்வைசர். ஒரு கல்யாண வீட்டில் எங்கள் வகுப்புக்காரர் ஒருவர் அவளைக் காட்டி, “இதுதான்லா பாலம் கட்டின பொண்ணு” என்று யாருக்கோ அறிமுகம் செய்தார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவள் சாப்பாட்டு இலையை மூடிவிட்டு எழுந்து போனாள். உங்களில் யாராவது அவளைச் சந்தித்தால் அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.

மாமா ஞாயிறுதோறும் பாலத்துக்குப் போவார். போல்ட்டுகளை முறுக்குவார், துருவுக்கு எண்ணெய் விடுவார், பாசியைச் சுரண்டுவார். அத்தை அதன்மேல் காலே வைக்கவில்லை. வேலைக்கும் கடைக்கும் கோயிலுக்கும் சாலையைச் சுற்றியே போனார். லோரிகள் தூசி வாரி இறைக்கும். “மழையில ஏன் அண்ணி சுத்துறீங்க?” என்று என் அம்மா கேட்டதற்கு, “எனக்கு ரோடு போதும்” என்றார். மாமாவுக்குச் சோறு போட்டார், துணி துவைத்தார், காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்தார். பாலத்தைப் பற்றி மட்டும் இருவரும் பேசி நான் கேட்டதில்லை.

சில வருடம் கழித்துத் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். எங்கள் வரிசையைக் காலி செய்யச் சொன்னார்கள். சாமான்களை ஏற்றிய லோரி சாலையோரம் நின்றது. மாமா அதை விட்டுவிட்டுப் பாலத்துக்குப் போய் நடுவில் நின்றுகொண்டார். வெகுநேரம் வராததால் அத்தை தேடிப் போனார். நானும் கூடப் போனேன். அத்தை கரை வரைக்கும் வந்து, முதல் பலகைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

“ஒரே ஒரு தடவ வந்துட்டுப் போயேன்” என்றார் மாமா. அவர் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

அத்தை பலகைகளைப் பார்த்தார். வற்றம். கீழே சேறும் நண்டும்தான்.

“நீங்க வாங்க. லோரி நிக்குது” என்றார்.

மாமா கைப்பிடியை விட்டுவிட்டு வந்தார். அத்தை காத்திருக்காமல் முன்னால் நடந்தார். லோரியில் ஏறி, ஜன்னலோரம் நகர்ந்து, அவர் உட்காரப் பக்கத்தில் இடம் விட்டார்.